அடி வாங்கிய பின் மனம் எங்கே நிற்கிறது? தற்காப்புக் கலையை உள்வளர்ச்சிக்காகப் பயிலும் முறை

இணைப் பயிற்சியில் முதன்முதலாக நிற்பவர் வாங்கும் இரண்டாவது அடி, பெரும்பாலும் முதல் அடியின் விளைவாகவே வருகிறது. முதல் அடி எப்படி விழுந்தது, அதைத் தடுத்திருக்க முடியுமா, யாராவது பார்த்துவிட்டார்களா என்று மனம் அரை நொடி பின்னோக்கிப் போகிறது. அந்த அரை நொடிக்குள் எதிரில் நிற்பவர் அடுத்த அடியை முடித்துவிடுகிறார். 17ஆம் நூற்றாண்டில் ஜப்பானிய ஜென் துறவி தகுவான் சோஹோ, ஜப்பானை ஆண்ட தோகுகவா ஷோகன்களுக்கு வாள் கற்பித்த யாக்யூ முனெனோரிக்கு எழுதிய மடலில் இதையே விளக்கினார். மனம் எதிரியின் வாளில் நின்றால் அந்த வாளிடம் சிக்கிக்கொள்ளும், தன் வாளில் நின்றால் அதனிடம் சிக்கிக்கொள்ளும். மரத்தின் ஓர் இலையில் பார்வை நின்றுவிட்டால் மற்ற இலைகள் கண்ணில் படாமல் போகும் என்பது அவர் தந்த விளக்கம்.

தற்காப்புக் கலை மனிதரைப் பக்குவப்படுத்தும் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது தானாக நடந்துவிடுவதில்லை. பல ஆண்டுகள் பயின்ற பிறகும் முன்கோபமும் செருக்கும் குறையாதவர்களைக் காண்பது அரிதன்று. சிலருக்கு அவை கூடிவிடுவதும் உண்டு. கலை நமக்குத் தருவது ஒரு சூழலை. கவனம் சிதறினால் அது அந்த நொடியே உடலில் தெரிந்துவிடும் சூழல் அது. கண்மூடி அமர்ந்திருப்பவரின் மனம் பத்து நிமிடம் ஊர் சுற்றினாலும் அவரை யாரும் தட்டி எழுப்பப் போவதில்லை. ஆனால் கம்பைச் சுழற்றுபவரின் மனம் ஒரு நொடி விலகினால் கம்பு அவருடைய முழங்கையிலேயே வந்து விழும். இந்த உடனடித் திருத்தத்தை எப்படிப் பயன்படுத்திக்கொள்வது என்று தெரிந்து பயில்பவருக்கே உள்வளர்ச்சி கிட்டுகிறது. அதற்கான வழிமுறைகளை, தொடங்கும் நிலையில் இருப்பவரை மனத்தில் கொண்டு இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882ஆம் ஆண்டில் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில், பன்னிரண்டு பாய்கள் விரித்த ஓர் அறையில், விரல்விட்டு எண்ணத்தக்க மாணவர்களுடன் கோடோகான் பள்ளியைத் தொடங்கினார். ஜூஜுட்சு என்ற பழைய பெயரில் நுட்பத்தைக் குறிக்கும் ‘ஜுட்சு’வை விடுத்து, வழி என்று பொருள்படும் ‘டோ’வை அவர் சேர்த்தது பலருக்கும் தெரிந்த செய்தி. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது அவர் செய்த மற்றொரு மாற்றம்: உயிருக்கும் மூட்டுகளுக்கும் ஆபத்தான உத்திகளைக் கட்டற்ற பயிற்சியிலிருந்து அவர் விலக்கி வைத்தார். அதனால், எதிர்த்து நிற்கும் ஒருவரிடம் முழு வலிமையையும் காட்டிப் பழகவும், மறுநாள் அதே நபருடன் மீண்டும் பழகவும் வழி பிறந்தது. உண்மையான எதிர்ப்பை ஆண்டுக்கணக்கில், நாள்தோறும் என்று சொல்லுமளவுக்குச் சந்திக்க முடிந்ததால்தான் அந்தக் கூடம் மனத்தைப் பயிற்றும் இடமாகவும் ஆயிற்று. அவர் வகுத்த இரண்டு நெறிகளும், அதாவது ஆற்றலைச் சிறந்த முறையில் செலவிடுதல், தானும் பிறரும் ஒருங்கே செழித்தல் என்பவையும், இந்த ஏற்பாட்டின் மீதே நிற்கின்றன.

நீங்கள் சேர்வதற்கு முன் ஒரு தாளில் ஒரே ஒரு வாக்கியம் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நெருக்கடி வரும்போது நான் வழக்கமாக என்ன செய்கிறேன் என்பதே அந்த வாக்கியம். யாராவது எதிர்த்துப் பேசினால் குரல் உயர்கிறதா, பேச்சு நின்றுவிடுகிறதா, சிரித்து மழுப்புகிறோமா, அந்த இடத்தைவிட்டு நகர்கிறோமா? ‘நல்ல மனிதனாக வேண்டும்’, ‘தன்னம்பிக்கை வேண்டும்’ என்ற அளவில் நின்றுவிடும் நோக்கங்கள் பயிற்சிக்கு உதவுவதில்லை, ஏனென்றால் அவற்றைப் பயிற்சியின்போது கண்ணால் பார்க்க முடியாது. குரல் உயர்வதையும் உடல் உறைவதையும் பார்க்க முடியும். அந்தத் தாளை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை.

கலையும் ஆசானும்

எந்தக் கலை சிறந்தது என்ற விவாதத்தில் புகுந்து காலத்தைக் கழிப்பவர்கள் பலர். உள்வளர்ச்சியை நாடுபவர் கேட்க வேண்டிய கேள்வி சற்று வேறானது: இந்தக் கலை என் கவனத்தை எதன்மீது நிறுத்தப் பழக்குகிறது? ஜூடோவிலும் பிரேசிலிய ஜியு-ஜிட்சுவிலும் கவனம் தொடுகையில் இருக்கிறது. எதிராளியின் எடை எந்தக் காலுக்கு மாறுகிறது என்பதைக் கண்ணைவிடக் கைப்பிடியே முதலில் அறிகிறது. கராத்தே, குத்துச்சண்டை, டேக்வாண்டோ ஆகியவற்றில் இடைவெளியும் நேரமும் பாடங்களாகின்றன. சிலம்பத்தில் கம்பின் நீளமே இடைவெளியைக் கண்ணுக்குத் தெரியும் அளவாக்கிவிடுகிறது. தாய்ச்சியின் மெதுவான அசைவுகளில் எடை ஒரு பாதத்திலிருந்து மறு பாதத்துக்கு மாறும் வழி முழுவதும் கவனத்துக்கு வருகிறது. களரிப்பயிற்றில் மெய்த்தாரி, கோல்த்தாரி, அங்கத்தாரி, வெறுங்கை என்று பாடங்கள் வரிசைப்பட்டிருக்கின்றன. முதலில் உடல், பிறகு மரக் கருவிகள், பிறகு உலோகக் கருவிகள், எல்லாவற்றுக்கும் கடைசியில் வெறுங்கை. கருவியின்றி நிற்பதே கடினம் என்று அந்த மரபு கருதுவதை இந்த வரிசையே காட்டுகிறது. ‘மெய்யே கண்ணாக வேண்டும்’ என்று அக்கலையில் வழங்கும் சொல், விழிப்பு என்பதற்கு நான் கேட்டவற்றுள் மிகச் சிறந்த விளக்கம்.

தொட்டால் கூசும் இயல்புடையவருக்கும், நெருங்கி வருபவரைக் கண்டால் மூச்சு அடைத்துக்கொள்பவருக்கும் மற்போர் வகைக் கலைகள் முதலில் கடினமாக இருக்கும், பின்னர் பெரும் பயன் தரும். நிற்க முடியாமல் பரபரப்பவர் மெதுவான கலைகளில் ஓராண்டேனும் கழிக்கலாம். இவை பொதுக் குறிப்புகள் மட்டுமே. உங்களால் வாரத்துக்கு இரண்டு முறை தவறாமல் போக முடிகிற தொலைவில் நல்ல ஆசான் ஒருவர் இருந்தால், அவர் கற்பிக்கும் கலையே உங்களுக்குப் பொருத்தமான கலை.

நல்ல ஆசானை அறிய ஒரு வகுப்பையேனும் ஓரமாக அமர்ந்து முழுமையாகப் பார்க்க வேண்டும். திறமைசாலி மாணவர்களை விட்டுவிட்டு, அந்த வகுப்பிலேயே மிகவும் தடுமாறும் மாணவரைக் கவனியுங்கள். ஆசான் அவரிடம் எவ்வாறு பேசுகிறார், மூத்த மாணவர்கள் அவரோடு இணைந்து பயிலும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார்களா, அவர் ‘போதும்’ என்று தட்டினால் பிடி அந்த நொடியே தளர்கிறதா என்பன அக்கூடத்தைப் பற்றிய எல்லாவற்றையும் சொல்லிவிடும். கேள்வி கேட்பதை அவமதிப்பாகக் கருதும் ஆசானிடமும், தொடாமலேயே ஆளை வீழ்த்துவேன் என்பவரிடமும் சேர வேண்டாம். பணிவு வேண்டும் என்பதற்காக அறிவை வாசலில் கழற்றி வைக்க வேண்டியதில்லை. நான் முதலில் சேர்ந்த ஒரு கூடத்தில் காயங்களைப் பற்றிப் பேசுவதே கோழைத்தனம் என்று கருதப்பட்டது; அங்கே கழித்த ஓராண்டில் வலியை மறைக்கக் கற்றேன், வேறு எதையும் கற்றதாக நினைவில்லை.

நிற்கவும் விழவும் கற்றல்

முதல் மாதங்களில் பெரும்பாலும் நிற்பதும் நடப்பதுமே பாடமாக இருக்கும். இது சலிப்பூட்டும். சலிப்பைப் போக்க வேறு எதையும் தேடாமல் பாதத்துக்குள் போவதே செய்ய வேண்டியது. நிலையில் நின்றபின் எடை குதிகாலில் இருக்கிறதா, பெருவிரலுக்குக் கீழே உள்ள மேட்டில் இருக்கிறதா, பாதத்தின் வெளி விளிம்பில் சரிந்திருக்கிறதா என்று பாருங்கள். முழங்கால் பாதவிரல் நோக்கும் திசையிலேயே நிற்கிறதா? தோள்கள் காதை நோக்கி ஏறியிருக்கின்றனவா? தாடை இறுகியிருக்கிறதா? இந்த நான்கையும் ஒரு முறை கண்டுவர ஏறக்குறைய பத்து நொடிகள் ஆகும். பின்னாளில் சண்டையின் நடுவிலும், வீட்டு வாக்குவாதத்தின் நடுவிலும் உங்களுக்குக் கைகொடுக்கப் போவது இந்தப் பத்து நொடிச் சோதனைதான்; எனவே இதை அவசரப்பட்டுக் கடந்துவிட வேண்டாம்.

விழக் கற்பதை நான் எல்லாப் பாடங்களுக்கும் மேலாக வைக்கிறேன். ஜூடோவிலும் அய்கிடோவிலும் இதற்கு உகெமி என்று பெயர். பின்னோக்கி விழும்போது தாடையை மார்பை நோக்கி இழுத்துக்கொண்டு, தலை தரையில் படாதவாறு முதுகை வளைத்து, உடல் தரையைத் தொடும் நொடியில் கைகளை உடலோடு ஏறக்குறைய 45 பாகைக் கோணத்தில் வைத்துப் பாயைத் தட்டி, மூச்சை வெளியே விட வேண்டும். கையைப் பின்னால் ஊன்றித் தடுக்க முயல்வதே மணிக்கட்டும் முழங்கையும் முறிவதற்குப் பொதுவான காரணம். முதலில் குந்திய நிலையிலிருந்தும், பிறகு அரை நிலையிலிருந்தும், அதன் பின்னரே நின்ற நிலையிலிருந்தும் பழக வேண்டும். ஆசான் அருகில் இல்லாமலும் பாய் இல்லாமலும் தொடங்கவே கூடாது.

இதில் உள்வளர்ச்சி எங்கே வருகிறது என்று கேட்கலாம். விழுவதற்கு முன் உடல் தானாக இறுகுகிறது. அந்த இறுக்கமே விழுதலை வலியுள்ளதாக்குகிறது. சமநிலை போய்விட்டது என்று தெரிந்தபின் அதை மீட்கத் துடிக்காமல், போனதைப் போனதென ஏற்று, அடுத்து தரையைச் சந்திக்கும் வேலையில் கவனத்தை வைப்பதுதான் உகெமி. நூற்றுக்கணக்கான முறை இதைச் செய்தபின், தோற்றுவிட்ட நிலையிலும் செய்வதற்கு ஒரு வேலை மிச்சமிருக்கிறது என்பதை உடல் அறிந்துவிடுகிறது. சொல்லிப் புரியவைக்க முடியாத அறிவு இது. விழப் பயப்படாதவர் எறியப்படும்போது விறைப்பதில்லை. விறைக்காதவரை எறிவது கடினம் என்பது இதனோடு வரும் கூடுதல் பயன்.

மூச்சு

மூச்சைப் பற்றி மறைபொருளாக நிறையப் பேசப்படுகிறது. பயில்பவருக்குத் தேவையான உண்மை எளியது. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைகிறது, வெளிவிடும்போது சற்றுத் தணிகிறது. ஆகையால் வெளிமூச்சை நீட்டினால் உடல் அமைதியை நோக்கி நகர்கிறது. சுற்றுகளுக்கு இடையிலான ஓய்வில் நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஆறிலிருந்து எட்டு எண்ணும் வரை மெதுவாக விட்டுப் பழகுங்கள். அடிக்கும்போதும் தூக்கும்போதும் அடி வாங்கும்போதும் மூச்சு வெளியே போக வேண்டும். எண்ணிக்கையோ ஒலியோ எழுப்பச் சொல்லி ஆசான் வற்புறுத்துவதற்கு ஒரு காரணம், ஒலி எழுப்புபவரால் மூச்சை அடக்கி வைக்க முடியாது என்பதே. தலை சுற்றினால் எண்ணுவதை நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சுவிட வேண்டும்.

ஒரே அசைவை ஆயிரம் முறை செய்வது எப்படி

‘ஒரு கட்டாவுக்கு மூன்று ஆண்டுகள்’ என்பது ஒகினாவாவின் பழைய கராத்தே வழக்கு. கட்டா என்பது வகுக்கப்பட்ட அசைவு வரிசை. இன்று பயில்பவர் ஓராண்டில் ஐந்தாறு கட்டாக்களைக் கற்றுவிடுகிறார். எண்ணிக்கை கூடியதில் தவறொன்றும் இல்லை. ஆனால் ஒரே அசைவு வரிசையில் மூன்றாண்டு செலவிட்டவருக்கு நினைவில் வைத்துக்கொள்ளும் வேலை முதல் மாதத்திலேயே முடிந்துவிடுகிறது, மீதமுள்ள காலமெல்லாம் கவனிப்பதற்கே கிடைக்கிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

திரும்பச் செய்தலில் இருக்கும் ஆபத்து தெளிவானது. அசைவு பழகிவிட்டால் உடல் அதைத் தானே செய்துகொள்ளும், மனம் வேறெங்கோ போய்விடும். அப்படிச் செய்யும் நூறு முறையில் கவனம் வளர்வதில்லை. கவனமின்மையே நன்றாகப் பழகிப்போகிறது. இதைத் தடுக்க, ஒவ்வொரு தொடருக்கும் முன் ஒரே ஒரு வேலையைக் கவனத்துக்குக் கொடுங்கள். பத்துக் குத்துகள் என்றால், முதல் பத்தில் பின்காலின் குதிகாலை மட்டும் கவனிக்க வேண்டும். அடுத்த பத்தில் பின்னால் இழுக்கும் கையையும், அதற்கடுத்த பத்தில் அசைவு முடிந்தபின் தோள் தளரும் நொடியையும் கவனிக்கலாம். ஒரு தொடரில் இரண்டு வேலைகளைச் சேர்க்க வேண்டாம். நடுவில் மனம் விலகியது தெரிந்தால் தன்னைக் கடிந்துகொள்ளாமல் அந்தத் தொடரை ஒன்றிலிருந்து தொடங்குங்கள். முதல் வாரத்தில் பத்தை எட்டுவதே அபூர்வம் என்பதைக் கண்டு பலரும் திகைக்கிறார்கள். நான்கு அல்லது ஐந்தில் நின்றுவிடுவது இயல்பு.

பயிற்சியில் ஒரு முறையேனும் அசைவு முழுவதையும் இயல்பான வேகத்தில் கால் பங்காகச் செய்வது நல்லது. வேகம் பல குறைகளை மூடிவிடுகிறது. மெதுவாகச் செய்யும்போது எந்த இடத்தில் சமநிலை தவறுகிறது, எங்கே உடல் ஏமாற்றித் தாவுகிறது என்பது வெளிப்படும். கவனம் தீர்ந்துவிட்ட பிறகும் வியர்வைக்காக அசைவுகளைத் தொடர வேண்டுமென்றால் ஓடுவது, கயிறு தாண்டுவது போன்றவற்றைச் செய்யலாம். வடிவத்தைக் கலங்கிய மனத்தோடு செய்து கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஜப்பானியக் கலைகளில் ‘ஷு-ஹா-ரி’ என்று மூன்று கட்டங்களைச் சொல்வார்கள்: முறையை அப்படியே காத்தல், பின்னர் அதை உடைத்துப் பார்த்தல், இறுதியில் அதிலிருந்து விடுபடுதல். தொடங்கிய ஓரிரு ஆண்டுகளிலேயே ‘எனக்கென ஒரு பாணி’ என்று பேசத் தோன்றும்போது இந்த வரிசையை நினைவுகொள்ளலாம். காக்கப்படாத ஒன்றை உடைக்க முடியாது.

எதிரில் ஒருவர்

தனிப் பயிற்சியில் கிடைத்த விழிப்பு, எதிரில் ஓர் ஆள் வந்து நின்றதும் பெரும்பாலும் கலைந்துவிடும். அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. அச்சத்தின்போது சுரக்கும் அட்ரினலின் இதயத்தை விரைவாக்குகிறது, பார்வையைக் குறுக்குகிறது, விரல்களின் நுண்ணிய திறனைக் குறைக்கிறது. உடல் தன் வேலையைச் செய்கிறது. அந்த நிலையிலும் கவனத்துக்குச் செய்ய ஒரு வேலை தருவதே நாம் கற்க வேண்டியது. அதை வேகத்தைப் படிப்படியாகக் கூட்டித்தான் கற்க முடியும்.

ஆகையால் இணையோடு தொடங்கும் முன் வேகத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசிக்கொள்ளுங்கள். ‘இந்தச் சுற்று பாதி வேகம், தலைக்கு அடி வேண்டாம்’ என்று சொல்வதில் எந்தக் குறையும் இல்லை. முழு வேகத்தில் பத்தில் மூன்று பங்கோடு தொடங்கி, மூச்சு சீராக இருக்கும் வரை மட்டுமே கூட்ட வேண்டும். மூச்சு அடைக்கத் தொடங்கினால் அங்கே நின்று அந்த வேகத்திலேயே பல வாரங்கள் பழக வேண்டும். பார்வையை எதிராளியின் கைகளில் நிறுத்த வேண்டாம். மார்பின் மேற்பகுதியளவில் பார்வையைத் தளர்வாக வைத்தால் கைகள், கால்கள், தோள்கள் எல்லாமே பார்வையின் விளிம்பில் தெரியும். தகுவான் சொன்ன இலையும் மரமும் இங்கே நடைமுறையாகின்றன.

எதிர்ப்பின் முன் மனிதர்கள் பெரும்பாலும் இரு வகையாக நடந்துகொள்வதைக் கண்டிருக்கிறேன். ஒருவர் விரைகிறார், அச்சம் வந்ததும் முன்னே பாய்ந்து, அடிகளைக் கொட்டி, எப்படியாவது இந்த நிலையை முடித்துவிடப் பார்க்கிறார். மற்றவர் உறைகிறார், கைகளை உயர்த்தி முகத்தை மூடிக்கொண்டு பின்வாங்குகிறார், வாய்ப்பு கண்முன் திறந்திருந்தாலும் அடிப்பதில்லை. இருவருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது. விரைபவர் ஒரு சுற்று முழுவதும் தாக்காமல், நகர்ந்தும் தடுத்தும் மட்டுமே நின்று பழக வேண்டும். அடிக்காமல் இருப்பது அவருக்கு எவ்வளவு வேதனையாக இருக்கிறதோ அந்த அளவுக்கு அது அவருக்குத் தேவையான பயிற்சி. உறைபவர், இணை ஒவ்வொரு முறை அடித்த பின்பும் வலுவில்லாவிட்டாலும் குறி தவறினாலும் ஓர் அடியேனும் திருப்பித் தர வேண்டும் என்ற விதியோடு பயில வேண்டும். இரண்டிலும் இணையின் ஒத்துழைப்பு தேவை. இங்கேதான், தொடங்கும்போது தாளில் எழுதிய வாக்கியத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். வெளியே நெருக்கடியில் நீங்கள் செய்வதையே பாயின் மீதும் செய்துகொண்டிருப்பதைப் பெரும்பாலும் காண்பீர்கள்.

அடி பட்டதும் உள்ளே எழுவதை அடக்க முயல வேண்டாம். முதலில் அதன் பெயரை அறியுங்கள். சினம், வெட்கம், ‘அவன் வேண்டுமென்றே செய்தான்’ என்ற ஐயம், திருப்பிக் கொடுத்தே தீர வேண்டும் என்ற வேகம் ஆகியவை பெயர் தெரியாத வரை கையை ஆள்கின்றன. ஒரு காலடி பின்னே வைத்து, ஒரு மூச்சை முழுவதுமாக வெளிவிட்டு, மீண்டும் இடைவெளியைப் பார்த்தால் போதும். இரண்டு நொடி ஆகும் வேலை இது. சினம் தணியவில்லையென்றால் கை உயர்த்தி அந்தச் சுற்றை நிறுத்தும் உரிமை உங்களுக்கு உண்டு. அதைப் போலவே, பூட்டில் சிக்கினால் மூட்டு வலிக்கத் தொடங்கும் முன்பே தட்ட வேண்டும். தட்டத் தயங்குபவர் தன் தோள்பட்டையைத் தன் மதிப்புக்குப் பணயமாக வைக்கிறார். பல மாதங்கள் பயிற்சியை இழப்பவரும் அவர்தான்.

வெற்றிக்குப் பின் வரும் நொடி

ஒரு உத்தி வெற்றியடைந்தபின் வரும் நொடிதான் மனம் எளிதாக வெளியேறும் நொடி. ஜப்பானியக் கலைகளில் அந்த நொடிக்கென்றே ‘ஸன்ஷின்’ என்ற சொல் இருக்கிறது. எஞ்சி நிற்கும் மனம் என்று அதற்குப் பொருள் கூறலாம். கெண்டோவில் அடி சரியாக விழுந்தாலும் அதன் பிறகு விழிப்பு நிலையும் உடல் நிலையும் தொடரவில்லையென்றால் அது புள்ளியாகாது. வென்றதைக் கொண்டாடிக் கை உயர்த்தினால் கொடுத்த புள்ளியையும் நடுவர்கள் திரும்பப் பெற்றுக்கொள்ள முடியும். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோவின் எல்லா எடைப் பிரிவினருக்குமான இறுதிப் போட்டியில் நெதர்லாந்தின் அன்டன் கீசிங்க், ஜப்பானின் அகியோ கமினாகாவைத் தரையில் பிடித்து வென்றார். ஜூடோ பிறந்த நாட்டிலேயே, அந்நாட்டு வீரரை வென்ற வெற்றி அது. மகிழ்ச்சியில் தன் நாட்டவர் பாயை நோக்கி ஓடி வந்தபோது அவர் கையை நீட்டி அவர்களைத் தடுத்தார். போட்டி முறைப்படி வணங்கி முடிக்கப்பட வேண்டியிருந்தது. அந்தக் கை உயர்வை, அவர் பெற்ற பதக்கத்தைப் போலவே, ஜூடோ உலகம் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது.

இதைப் பயிலும் வழி எளிது. ஒவ்வொரு அசைவின் முடிவிலும், எறிதலின் முடிவிலும், அடுத்ததற்குப் போகுமுன் ஒரு முழு மூச்சு வரை அந்த நிலையிலேயே நில்லுங்கள். கைகள் இருந்த இடத்தில் இருக்கட்டும், பார்வை இணையின் மீது இருக்கட்டும். கட்டாவின் கடைசி அசைவை முடித்ததும் உடனே தளர்ந்து உடையைச் சரிசெய்யப் போகும் கை, அதுவரை செய்த அத்தனையும் காட்சிக்காகவே செய்யப்பட்டது என்று காட்டிக்கொடுத்துவிடும். தோல்வியின் முடிவிலும் இந்த ஒரு மூச்சு உண்டு. அது இன்னும் கடினம்.

தேக்கம், காயம், பட்டை

ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள் ஏதோ ஒரு கட்டத்தில் முன்னேற்றமே இல்லாதது போலத் தோன்றும். பார்க்கும் கண் கைகளைவிட வேகமாகக் கூர்மையாவதால், முன்பு தெரியாத குறைகள் இப்போது தெரிகின்றன. அதனால் தேய்ந்துவிட்டதாகத் தோன்றுகிறது. இந்தக் காலத்தில் புதிய உத்திகளைத் தேடி ஓடாமல், முதல் மாதத்தில் கற்ற நிலைக்கும் காலடிக்கும் திரும்புவது பயன் தரும்.

தசைவலி 24 மணியிலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சமடைந்து தணிவது இயல்பு. மூட்டில் குத்துவது போன்ற வலி அதில் சேராது. தசைகளைவிடத் தசைநாண்கள் மெதுவாகவே வலுப்பெறுவதால், மூன்றாவது நான்காவது மாதத்தில், வலிமை வந்துவிட்டதாக உணரும் வேளையில்தான் முழங்காலிலும் முழங்கையிலும் கோளாறுகள் தலைகாட்டுகின்றன. தலையில் பட்ட அடிக்குப் பின் மயக்கம், குழப்பம், குமட்டல், தலைவலி, ஒளியைக் கண்டு கூச்சம் ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்று பயிற்சி முடிந்தது. மருத்துவரைப் பார்த்து, அவர் சொன்ன பிறகே திரும்ப வேண்டும். இதில் மன உறுதியைக் காட்ட இடமே இல்லை.

பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. கானோ 1883இல் தன் மாணவர்கள் இருவருக்கு ‘ஷோடான்’ தரம் கொடுத்தார். அந்தச் சொல்லுக்குத் தொடக்கப் படி என்பதே பொருள். கறுப்புப் பட்டையை முடிவாகக் கருதுவது பிறகு வந்த வழக்கம். தேர்வு நாளைக் குறித்துக்கொண்டு பயில்வதில் பிழையில்லை, சிலருக்கு அது தேவையும்கூட. தேர்வு முடிந்த மறுவாரம் வகுப்புக்கு வருகிறீர்களா என்பதே உங்களுக்கு நீங்கள் வைக்கும் தேர்வு.

கூடத்துக்கு வெளியே

பாயின் மீது கற்றது வாழ்க்கைக்குத் தானாக வந்து சேர்ந்துவிடும் என்று எதிர்பார்த்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். எதிரில் கையுறை அணிந்தவர் நின்றால் அமைதியாக இருந்த நான், வீட்டில் ஒரு சிறு சொல்லுக்குக் குரலை உயர்த்திக்கொண்டிருந்தேன். உடலுக்கு அந்த இரண்டும் வெவ்வேறு சூழல்கள். அவற்றை இணைக்கும் பாலத்தை நாமே கட்ட வேண்டியிருக்கிறது.

அதற்கு முதலில் கூடத்தின் வாசலைப் பயன்படுத்திக்கொள்ளலாம். உள்ளே நுழையும்போது வணங்குவது பல கலைகளில் வழக்கம். ‘கராத்தே வணக்கத்தில் தொடங்கி வணக்கத்தில் முடிகிறது’ என்ற நெறியை, 1922இல் டோக்கியோவில் அக்கலையைச் செய்துகாட்டிப் பரவச் செய்த கிச்சின் ஃபுனகோஷி வலியுறுத்தினார். வெறும் சடங்காகச் செய்தால் அதில் ஒன்றுமில்லை. வாசலில் நின்று எடை எந்தப் பாதத்தில் இருக்கிறது என்று அறிந்து, ஒரு மூச்சை வெளியே விட்டு, பிறகு தலை தாழ்த்தினால் அந்த வாசல் ஒரு நினைவூட்டியாகிவிடும். சில வாரங்களுக்குப் பின், நீங்கள் நாள்தோறும் கடக்கும் வேறொரு வாசலைத் தேர்ந்தெடுங்கள்: வேலையிடத்தின் கதவு, வீட்டின் கதவு, எதுவாயினும் ஒன்று மட்டும். தலை வணங்க வேண்டாம். பாதமும் மூச்சும் போதும், யாருக்கும் தெரியாது.

அடுத்து வாக்குவாதம். சண்டைப் பயிற்சியில் தோள் ஏறுவதையும் தாடை இறுகுவதையும் கண்டுபிடிக்கப் பழகியவருக்கு, பேச்சு சூடாகும்போதும் அதே இரண்டு இடங்களில் அதே இறுக்கம் வருவது தெரியும். அது தெரிந்த நொடியில் எதுவும் பதில் சொல்லாமல் தோளை இறக்கி, மூச்சை வெளிவிட்டு, எதிரில் இருப்பவர் சொல்லும் வாக்கியத்தை இறுதிவரை கேட்க வேண்டும். சொல்வதற்கு எளிது; எனக்குப் பத்தில் மூன்று முறை கைகூட ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின.

இவற்றைப் பதிந்து வைக்க ஒரு சிறிய குறிப்பேடு போதும். ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் உடை மாற்றும் முன் மூன்று வரிகள் எழுதுங்கள்: இன்று கவனம் எதில் நின்றது, எந்த நொடியில் விலகியது, விலகியபோது உடலில் என்ன தெரிந்தது. உத்திகளின் பெயர்களையும் வெற்றி தோல்விகளையும் இதில் எழுத வேண்டாம். மாதத்துக்கு ஒருமுறை பின்னோக்கிப் படித்தால் விலகும் நொடிகள் ஒரே இடத்தில் கூடுவது தெரியும்: சிலருக்குச் சோர்வில், சிலருக்குப் பிறர் பார்க்கும்போது, சிலருக்குத் தன்னைவிட இளையவரிடம் தோற்கும்போது. அடுத்த மாதத்துக்கான பயிற்சியை அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். ஆசானிடம் அதைச் சொன்னால் அதற்கேற்ற இணையை அவர் தேர்ந்து தருவார்.